எளிதில் காணலாம்

மே 2

இரண்டாவது அறிக்கையும் வந்துவிட்டது. ‘பாராட்டத்தக்க ஆய்வு, பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன்’ என்று பெங்களூர்ப் பேராசிரியர் எழுதியிருக்கிறாராம். வெளிநாட்டுக்காரர் பிப்ரவரியிலேயே எழுதிவிட்டார். இவர்தான் ஏழு மாதமாக என் ஆய்வேட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். இன்றைக்கு எல்லோருமே நல்ல மனிதர்கள்.

போன் செய்து சொன்னவர் அருளானந்தம் சார், என் நெறியாளர். குரல் வழக்கம்போல மெதுவாகத்தான் இருந்தது. ஆனால் “ரொம்ப சந்தோஷம்மா” என்று இரண்டு தடவை சொன்னார். வாய்மொழித் தேர்வு ஜூன் 12. சார் ஓய்வு பெறுவது ஜூன் 30. எனக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு ஜூன் 27. எல்லாம் இடித்துக்கொண்டு, ஆனால் சரியாக, உட்கார்ந்திருக்கின்றன.

பதினான்கு வருடமாக அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் நான். எங்கள் கல்லூரியில் எங்களைப் போல இருபத்தோரு பேர். யாரை எந்த வகுப்புக்கு மாற்றிப் போட்டாலும் கால அட்டவணைக்கு வித்தியாசம் தெரியாது. நிரந்தரப் பணிக்கான தேர்வில் இந்தத் தடவை மார்க் வந்துவிட்டது. சரிபார்ப்பு அன்று முனைவர் பட்டம் கையில் இருந்தால் வேலை. இல்லாவிட்டால் இல்லை. அடுத்த அறிவிப்பு வருவதற்குள் எனக்கு வயது தாண்டிவிடும்.

ராத்திரி இவர் இட்லிக்கு ஊற்றின சாம்பாரைக் கலக்கிக்கொண்டே, “இனிமே டாக்டர் தமயந்தி கையால சாப்பாடு” என்றார். மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்து வருகிற மனிதருக்கு இத்தனை வெட்கமான சிரிப்பு இருப்பது கல்யாணமான புதிதில் பார்த்தது. குழாய்க்கு வாஷர் மாற்றச் சொன்னேன். உடனே மாற்றினார்.

மே 6

விடைத்தாள் திருத்தும் முகாம். பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு, இயற்கணிதம். ஹாலில் பத்து ஃபேன், ஓடுவது நாலு. சேர்மன் பக்கிரிசாமி சார், அதாவது நாங்கள் திருத்தியதை மறுபடி சரிபார்ப்பவர், நடுவில் மேசை போட்டு ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

கேள்வி 17 பத்து மதிப்பெண். சதுரத்தின் சமச்சீர்களைப் பற்றியது. அநேகமாக எல்லோரும் விட்டுவிட்டார்கள். ஒரு பிள்ளை மட்டும் ஒன்றரைப் பக்கத்துக்குத் தைரியமாகத் தப்பாக எழுதியிருந்தது. குண்டு குண்டான கையெழுத்து. நிரூபணம் வரவேண்டிய இடத்தில் ‘இதைக் காண்பது எளிது’ என்று ஒரு வரி. என்ன திமிர் என்று நினைத்து, குறுக்கே ஒரு கோடு போட்டு, சைபர் வைத்தேன். மொத்தம் 24. முப்பது வாங்கினால் தேர்ச்சி.

டீ நன்றாக இருந்தது.

மே 7

முகாம். தலைவலி.

மே 8

அரிசி களைந்துகொண்டிருந்தபோது வந்தது. ‘இதைக் காண்பது எளிது.’ அந்த வரியை நான் வேறெங்கோ படித்திருக்கிறேன் என்று நேற்று முழுக்க உறுத்திக்கொண்டிருந்தது. படிக்கவில்லை. எழுதியிருக்கிறேன். என் ஆய்வேடு, மூன்றாம் அத்தியாயம், துணைத்தேற்றம் 3.4. ஆங்கிலத்தில், அதே வரி.

எனக்கே தெளிவாக வேண்டும், அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன். மேசையில் ஒரு சதுரக் கைக்குட்டை. அதை எடுத்து அதே இடத்தில் அதே சதுரமாகத் திரும்ப வைக்க எட்டு வழி உண்டு. சும்மா விடுவது, கால் சுற்று, அரைச் சுற்று, முக்கால் சுற்று, பிறகு புரட்டிப் போடுவதில் நான்கு விதம். இவற்றில் ஒன்றைச் செய்து அடுத்ததைச் செய்தால் வருவதும் இந்த எட்டில் ஒன்றாகவே இருக்கும். இந்த எட்டையும் சேர்த்து ஒரு குலம் என்கிறோம். குலம் கைக்குட்டையின் மேல் செயல்படுகிறது, மூலைகள் இடம் மாறுகின்றன.

இந்த எட்டில் நாலை மட்டும் தனியே எடுக்கலாம். சும்மா விடுவது, அரைச் சுற்று, இடவலமாகப் புரட்டுவது, மேல்கீழாகப் புரட்டுவது. இது ஒரு சின்னக் குடும்பம். சும்மா இருப்பதை விட்டுவிட்டால் மீதி மூவரும் அச்சு அசல் ஒரே குணம். எவரையும் இரண்டு தடவை செய்தால் பழைய நிலை. எந்த இருவரைச் சேர்த்தாலும் மூன்றாமவர். இவர்களுக்குள் யார் இடத்தில் யாரை வைத்தாலும் உறவுகள் கெடாது. ஆட்டோமார்பிசம் என்று நாற்பது நிமிடம் கத்திச் சொல்லிக்கொடுப்பது இவ்வளவுதான். உறவு எதுவும் கெடாமல் ஆட்களை இடம் மாற்றி உட்கார வைப்பது.

ஆனால் அந்த மூவரையும் எட்டுப் பேர் இருக்கும் பெரிய குடும்பத்துக்குள் வைத்துப் பார்த்தால் கதை வேறு. அரைச் சுற்று எல்லோருடனும் ஒத்துப் போகும், முன்னால் செய்தாலும் பின்னால் செய்தாலும் ஒன்று. புரட்டல்கள் அப்படியில்லை. கால் சுற்றுச் சுற்றிவிட்டுப் புரட்டினால் ஒன்று வரும், புரட்டிவிட்டுச் சுற்றினால் வேறொன்று. ஆகவே பெரிய குடும்பத்தில் அரைச் சுற்றின் நாற்காலியில் புரட்டலை உட்கார வைக்கவே முடியாது. இரண்டு புரட்டல்களும் தங்களுக்குள் இடம் மாறலாம். அரைச் சுற்று அசையாது. சின்ன வீட்டில் இருக்கிற சுதந்திரம் பெரிய வீட்டில் கிடையாது.

துணைத்தேற்றம் 3.4 கிடைக்கும் என்கிறது. நான் எடுத்துக்கொண்ட வகைக் குலங்களில், சின்னக் குடும்பத்தின் எந்த இடமாற்றத்தையும் பெரிய குடும்பத்துக்கும் நீட்டலாம் என்கிறது. கைக்குட்டையின் குலம் அந்த வகையில் அடக்கம்.

குக்கர் ஆறு விசில் அடித்துவிட்டது. சோறு குழைந்துபோனது. அந்தப் பிள்ளை எழுதியதும் இதேதான்.

மே 10

3.4 போனால் 3.7 போகும். 3.7 போனால் நான்காம் அத்தியாயத்தின் முதன்மைத் தேற்றம். அது போனால் ஐந்தாவதில் முன்னுரை மட்டும் மிஞ்சும். முன்னுரை நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன்.

3.4 என்னுடையதுகூட இல்லை. சார் 1999-இல் எழுதிய கட்டுரையிலிருந்து எடுத்தது. அதிலும் நிரூபணம் இல்லை, அதே வரிதான். எட்டு வருடம் நான் சோதித்துப் பார்த்த எடுத்துக்காட்டுகள் எல்லாம் சாதுவானவை. கைக்குட்டையை வருடா வருடம் வகுப்பில் ஆட்டிக் காட்டியும், இதை அதில் போட்டுப் பார்க்கத் தோன்றவே இல்லை. தெரிந்த விஷயத்தில் யார் போய்ப் பார்ப்பார்கள்.

மாவு அரைத்தேன். துணி ஊறப்போட்டு மறந்துவிட்டேன்.

மே 15

ஐந்து நாளாக ஒட்டுப் போட்டுப் பார்க்கிறேன். ஒரு கடுமையான நிபந்தனையைச் சேர்த்தால் 3.4 நிற்கிறது. அந்த நிபந்தனையோடு முதன்மைத் தேற்றத்தைப் படித்தால், பாடப்புத்தகத்தில் அத்தியாயக் கடைசியில் வரும் பயிற்சிக் கணக்கு. கடினம் என்று நட்சத்திரக் குறிகூடப் போடாத கணக்கு.

மே 19

சாரிடம் சொல்லிவிட்டேன்.

துறையில் அவர் அறையைக் காலி செய்துகொண்டிருந்தார். அட்டைப்பெட்டிகள், கயிறு. என் கைக்குட்டையை மேசையில் வைத்து, “சார், மூணு புள்ளி நாலு தப்பு சார். சதுரத்துக்கே வரல” என்றேன். அவர் கைக்குட்டையைப் பிரிக்கவில்லை. எப்படித் தப்பு என்று கேட்கவும் இல்லை. கையிலிருந்த கயிற்றைச் சுருட்டி வைத்தார்.

“வேற யாருகிட்டயாவது சொன்னீங்களாம்மா?”

“இல்ல சார்.”

“திருத்த முடியுமா?”

“திருத்துனா ஒண்ணுமே மிச்சமில்ல சார்.”

ஒரு பெட்டியின் மூடியை மடக்கினார். “அந்தப் பேப்பர வச்சு உங்களுக்கு முன்னாடி நாலு பேரு பட்டம் வாங்கியிருக்காங்கம்மா. எல்லாரும் வேலையில இருக்காங்க. இப்ப நிலோஃபரும் அதுமேலதான் பண்ணிட்டு இருக்கு.” பிறகு, “நான் உங்களத் தடுக்க மாட்டேன். ஆய்வேட்ட வாபஸ் வாங்கறேன்னு எழுதிட்டு வாங்க, கையெழுத்துப் போடறேன். முடிவு உங்களோடது” என்றார்.

கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எட்டு வருடத்தில் ஒரு நாள் கடிந்து பேசியதில்லை. என் மகளுக்கு டைபாய்டு வந்த வருடம் என் அத்தியாயத்தை அவரே தட்டச்சு பார்த்துக் கொடுத்தார். நல்லவர்களிடம் மாட்டிக்கொண்டால் வெளியே வர வழியே இல்லை.

வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

மே 22

வாபஸ் கடிதம் எழுதினேன். கிழித்தேன்.

மே 24

மறுபடி எழுதிக் கைப்பையில் வைத்தேன். சாயங்காலம் இவர் பிளெக்ஸ் மாதிரியைப் போனில் காட்டினார். நான் பட்டமளிப்புத் தொப்பியோடு இருக்கிறேன். என் தலையை வேறு யாருடைய உடம்பிலோ ஒட்டியிருக்கிறார்கள். ‘முனைவர் இரா. தமயந்தி ரத்தினம்’ என்று சிவப்பில் பெரிதாக.

“இன்னும் குடுக்கலையேங்க” என்றேன்.

“ரெண்டு பேரும் ஓகேன்னுட்டாங்கள்ல? அப்புறம் என்ன. வைவாங்கறது டீ, பிஸ்கட்தான்னு நீயே சொல்லியிருக்க.”

நானே சொல்லியிருக்கிறேன்.

மே 28

1999 கட்டுரையின் மூலப் பிரதி தேவைப்பட்டது. வலையில் இல்லை, பத்திரிகையே நின்றுவிட்டது. சாரிடம் கேட்டேன். பெட்டிக்குள் போய்விட்டது என்றார். அவர் வகுப்புக்குப் போயிருந்த நேரம் உதவியாளர் அம்மா பெட்டியைத் திறந்துவிட்டார். மேலாகவே இருந்தது.

ஐந்தாம் பக்கம், அந்த வரிக்கு நேரே ஓரத்தில், பென்சிலால் ஒரு சதுரம் வரைந்திருந்தது. மூலைகளில் 1, 2, 3, 4. நடுவில் ஒரு சின்ன வட்ட அம்பு. மங்கிப்போயிருந்தது. வெகு நாளாகியிருக்கும். எதற்காக வரைந்தாரோ. கை சும்மா இருக்கும்போது எல்லோரும் எதையாவது கிறுக்கத்தான் செய்கிறோம்.

பிரதியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். சமையலுக்குச் சொல்லிவிட்டார் இவர். நூற்றுப் பத்து இலை.

ஜூன் 4

வாய்மொழித் தேர்வு எங்கள் பக்கத்தில் எப்படி நடக்கும் என்று வெளியாட்களுக்குத் தெரியாது. பொதுத் தேர்வு என்று பெயர், யார் வேண்டுமானாலும் வந்து கேள்வி கேட்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள். கேள்வி வராவிட்டால் பார்ப்பதற்கு நன்றாக இராது. அதனால் ஆய்வாளரே கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதி, ஜூனியர் பிள்ளைகளிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுவார். அவர்கள் ஒவ்வொருவராக எழுந்து ஆர்வத்தோடு கேட்பார்கள். ஆய்வாளர் ஒரு கணம் யோசிப்பதுபோல நின்று பதில் சொல்வார். நானும் ஆறு பேருடைய தேர்வில் எழுந்து கேட்டிருக்கிறேன். ஒரு தடவை பதில் வருவதற்குள் உட்கார்ந்துவிட்டேன்.

நிலோஃபர் போன் செய்தாள். சாரின் கடைசி மாணவி, மூன்றாம் வருடம், புதுக்கோட்டைப் பக்கம். கெட்டிக்காரி. “அக்கா, எத்தன பேரு வேணும்? நான் புடிச்சுத் தரேன்” என்றாள்.

ஆறு பேர் என்றேன். எப்போதும் ஐந்துதான்.

ஜூன் 9

கேள்விகளை எழுதிவிட்டேன். என் கையெழுத்து கோழிக் கிறுக்கல், மகள் செம்மலரைப் பிரதி எடுக்கச் சொன்னேன். பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் போனும் கையுமாக இருக்கிறாள், ஏதாவது வேலை செய்யட்டும். ஐந்து கேள்விகளுக்குக் கீழே பதிலின் சுருக்கத்தையும் எழுதியிருந்தேன், நான் மறந்துவிடாமல் இருக்க.

“ஆறாவதுக்கு ஆன்சர் எங்கம்மா?” என்றாள்.

“அதுக்குத் தேவையில்ல.”

“துணைத்தேற்றம் 3.4-ஐச் சதுரத்தின் குலத்துக்குப் பொருத்திக் காட்ட முடியுமா? இதானே? ஈஸியா?”

“ஈஸிதான். எழுது.”

மிக அழகாக எழுதினாள்.

ஜூன் 11

சீட்டுகளை நாலாக மடித்துக் கொடுத்தேன். எது யாருக்குப் போனது என்று நான் கவனிக்கவில்லை. கவனிக்கக் கூடாது என்றுதான் கலைத்துக் கொடுத்தேன். ஐந்து பேர் துறை வாசலில் நின்றிருந்தார்கள், ஆளுக்கு ஒன்று. நிலோஃபர் நூலகத்தில் இருந்தாள், அவளுடையதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

யார் கேட்டாலும் உண்மையைச் சொல்லிவிடுவேன். கேட்டால் சொல்லித்தான் ஆகவேண்டும், நூறு பேர் முன்னால் பொய் சொல்ல எனக்கு வராது. இந்த முடிவு எடுத்ததும் பல நாளுக்குப் பிறகு பசித்தது. இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டேன்.

ஜூன் 12

முடிந்தது.

பட்டுப்புடவையில் வியர்த்துக் கொட்டியது. பெங்களூர்ப் பேராசிரியருக்குப் பூர்வீகம் சேலமாம், தமிழிலேயே பேசினார். நல்ல சிரிப்பு. நான் நாற்பது நிமிடம் பேசினேன். 3.4 இருந்த திரையில் மற்றவற்றைவிட அதிக நேரம் நின்றேன். வேண்டுமென்றே இல்லை, தண்ணீர் குடித்தேன்.

அவர் தன் குறிப்புகளைப் புரட்டி, “இந்த 3.4-ல ‘எளிதில் காணலாம்’னு போட்டிருக்கீங்க” என்றார்.

“ஆமா சார்.”

“நானும் பாத்தேன். எளிதுதான்” என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அருளானந்தம் சார் மட்டும் மேசைமேல் இருந்த பூங்கொத்தின் தாளைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். மைக் என் கையில்தான் இருந்தது. இல்லை சார், எளிதில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்ல ஐந்து சொல் போதும். மூன்றாவது வரிசையில் இவர் புதுச்சட்டையோடு போனை உயர்த்தி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். கை வலிக்கும், ஆனாலும் இறக்கவில்லை.

பிறகு பொதுக் கேள்விகள். முதல் பையன் கேட்டான், சொன்னேன். இரண்டாவது, மூன்றாவது. நாலாவதாக எழுந்தவன் சீட்டைப் பார்த்தே வாசித்தான். ஐந்தாவது. எல்லாவற்றுக்கும் ஒரு கணம் யோசித்துப் பதில் சொன்னேன்.

நிலோஃபர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். சீட்டு மடியில் விரித்தபடி இருந்தது. நான் அவளையே பார்த்தேன். அவள் சீட்டையே பார்த்தாள்.

“வேற கேள்வி?” என்றார் பெங்களூர்ப் பேராசிரியர்.

ஃபேன் சத்தம் மட்டும். மனதுக்குள் எண்ணினேன். பதினேழு வரை வந்தேன்.

“வேற கேள்வி இல்லன்னா முடிச்சுக்கலாம்” என்றார் அருளானந்தம் சார். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.

பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தார்கள். கைதட்டல். பொன்னாடை, சந்தன மாலை, குரூப் போட்டோ. யார் நடுவில் நிற்பது என்று நாலு தடவை இடம் மாற்றினார்கள். நான் மட்டும் நடுவிலேயே நிற்கவேண்டுமாம், அசையவேண்டாம் என்றார் போட்டோகிராபர்.

சாப்பாட்டுக்கு முன்னால் கை கழுவும் இடத்தில் நிலோஃபர் வந்தாள். சீட்டை நாலாக மடித்து நீட்டினாள்.

“இத நான் கேக்கலக்கா.”

“ஏன்?”

“நேத்து நைட்டு போட்டுப் பாத்தேன்.” குழாயைத் திறந்து, கழுவாமலே மூடினாள். “நான் அடுத்த வருஷம் சப்மிட் பண்ணணும்க்கா. ஃபெலோஷிப் முடியுது. அதுக்கப்புறம் வீட்டுல நிறுத்திருவாங்க, மாப்பிள்ளை பாத்து வச்சிருக்காங்க. நீங்களே சொல்லாதத நான் எதுக்குக் கேக்கணும்?”

அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்குக் கோபம் வந்தது, அவள் மேல். அதை இங்கே எழுதிவைக்கிறேன், ஏனென்றால் அது அவ்வளவு அசிங்கமாக இருந்தது.

“சாப்பிட வாங்கக்கா, இலை போட்டுட்டாங்க” என்றாள்.

பாயசம் கொஞ்சம் திகட்டியது. மற்றபடி சமையல் நன்றாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள்.

ஜூன் 13

பிளெக்ஸ் தெருமுனையில் கட்டியாகிவிட்டது. பால் வாங்கப் பின்பக்கத் தெரு வழியாகப் போய்வந்தேன்.

ஜூன் 27

சான்றிதழ் சரிபார்ப்பு. வரிசையில் ஐந்து மணி நேரம். தற்காலிகப் பட்டச் சான்றிதழை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, முத்திரையைத் தடவிப் பார்த்து, “ஒரிஜினல்தான்” என்றார் அலுவலர்.

ஜூன் 30

சாருக்குப் பிரிவுபசார விழா. பேச அழைத்தார்கள். எனக்கு முன்னால் பட்டம் வாங்கிய நாலு பேரும் வந்திருந்தார்கள். நான் ஐந்தாவது. அவர் இல்லாவிட்டால் நான் இல்லை என்றேன். உண்மைதான்.

விடைபெறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் அப்பவே...” என்று ஆரம்பித்தார். யாரோ மாலையோடு வந்துவிட்டார்கள். நான் காத்திருக்கவில்லை. பஸ் போய்விடும்.

செப்டம்பர் 3

நிரந்தரப் பணியில் சேர்ந்தேன். அதே கல்லூரி, அதே துறை, வேறு நாற்காலி. கால அட்டவணையில் இனி என் பெயரை யாரும் இடம் மாற்ற முடியாதாம். பழைய கௌரவ விரிவுரையாளர்கள் இருபது பேரும் எழுந்து நின்று வணக்கம் வைத்தார்கள். போன வருடம் வரை அவர்களோடு டப்பா பகிர்ந்து சாப்பிட்டவள் நான். மதியம் எங்கே உட்காருவது என்று தெரியாமல் தனியாகச் சாப்பிட்டேன்.

நவம்பர் 16

நிலோஃபர் தன் ஆய்வேட்டு வரைவை அனுப்பியிருக்கிறாள். கூட ஒரு வரி: ‘அக்கா, நேரம் இருக்கும்போது பாருங்க.’

மூன்றாம் அத்தியாயத்தில் 3.4 அவளுக்கு 3.2 ஆகியிருக்கிறது. கீழே: ‘இதைக் காண்பது எளிது. மேற்கோள் 14-ஐப் பார்க்க.’ மேற்கோள் 14 நான்.

எழுத்துப்பிழை நாலு இருந்தது. குறித்து அனுப்பினேன்.

டிசம்பர் 4

திருத்தும் முகாம். நவம்பர்த் தேர்வு. மழை, ஆகவே ஃபேன் பிரச்சினை இல்லை. தாள்களில் பாதி அரியர் எழுதுகிறவர்களுடையது.

கேள்வித்தாள் தயாரித்தவர் சோம்பேறி. ஏப்ரலில் வந்த அதே சதுரக் கேள்வி, இந்தத் தடவை எண் 16. மூன்றாவது தாள்கட்டில் அந்தக் கையெழுத்து வந்தது. குண்டு குண்டாக. விடைத்தாளில் பெயர் இருக்காது, மாற்று எண்தான். ஆனாலும் கையெழுத்து தெரியாமல் போகுமா. ஒன்றரைப் பக்கம், அதே தப்பு, அதே வரி. ஆறு மாதத்தில் அந்தப் பிள்ளைக்கு யாருமே சொல்லிக்கொடுக்கவில்லை. நானும்தான் சொல்லவில்லை. குறுக்கே ஒரு கோடு போட்டேன், அவ்வளவுதான். எங்கே தப்பு என்று ஓரத்தில் ஒரு சதுரம்கூட வரையவில்லை.

மற்ற கேள்விகளைக் கூட்டினேன். 25.

சிவப்புப் பேனாவை மூடிவிட்டு மறுபடி திறந்தேன். கேள்வி 16-க்கு ஆறு போட்டேன். மொத்தம் 31. கட்டைக் கட்டி அனுப்பினேன். பாரம் இறங்கி மனசு லேசாக இருந்தது, கொஞ்ச நேரம்தான்.

மூன்று மணிக்குப் பக்கிரிசாமி சார் கூப்பிட்டார். கட்டில் ஒரு தாளை உருவிப் பார்ப்பது அவர் வழக்கம். இருநூறு தாளில் அவர் உருவியது அது.

“மேடம், இது முழுக்கத் தப்பாச்சே? சதுரத்துல இது வராதே.”

“வராது சார்.”

“தெரிஞ்சும் ஆறு போட்டிருக்கீங்க?”

தெரிந்தும் இதற்கு ஒருவருக்குப் பட்டமே கொடுத்திருக்கிறார்கள் சார், என்று வாய் வரை வந்தது. மழை ஜன்னல் வழியாக அடித்து யாரோ கதவைச் சாத்தினார்கள்.

“கவனிக்கல சார்” என்றேன்.

“பரவால்ல, டயர்டா இருக்கும். மாத்திருங்க. மாத்துன எடத்துல பேரு எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்க.”

ஆறை அடித்துச் சைபர் போட்டேன். 31-ஐ அடித்து 25 என்று எழுதினேன். பக்கத்தில் இரா. தமயந்தி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

அவர் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். அன்பாகத்தான் சொன்னார்.

“முன்னாடி டாக்டர் போட்டுக்கங்க மேடம். எத்தன வருஷம் கஷ்டப்பட்டு வாங்குனது.”

போட்டேன்.